தாய்மாமனுக்குத் தாடி இல்லை

எனக்குத் தாடி வளராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடைசிவரை நீங்கள் என்னைத் தாடியோடு நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தப்பை ஏற்கெனவே ஒரு குழந்தை செய்து, அதனால் நான் பட்டது போதும். மீசை என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. தாடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முடிகள் இருக்கின்றன. பங்காளிச் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் மாதிரி ஒன்றுக்கொன்று எட்டவே நிற்கும்.

வேலைக்குச் சேரும்வரை இது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. எங்கள் ஊர் விக்கிரமங்கலம் பக்கம். வேலை ஆலத்தியூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், எடைமேடையில். லாரி வந்து நிற்கும், எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு லாரி போய் அடுத்த லாரி வரும்வரை கையில் போன்தான். அப்படி ஒரு மத்தியானம், சும்மா இருக்காமல், தாடி வளர என்ன செய்வது என்று போனிடம் கேட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அதற்குப் பிறகு அது என்னை விடவேயில்லை.

போனைத் திறந்தாலே தாடிக்காரன் டீ குடிப்பான். தாடிக்காரன் பைக்கிலிருந்து மெதுவாக இறங்குவான். தாடிக்காரன் மழையில் குடை பிடிக்காமல் நடப்பான். இரண்டு படங்களை அக்கம்பக்கமாக வைத்துக் காட்டுவார்கள். முதல் படத்தில் தாடி இல்லாத ஒருவன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் சோகமாக நிற்பான். அடுத்த படத்தில் அவனே தாடியோடு வெயிலில் சிரிப்பான், பக்கத்தில் ஒரு பெண்ணும் நிற்பாள். அந்த முதல் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்னைக் கேட்காமல் எடுத்த படம் என்றே தோன்றும். முன்பு சினிமாவில் ஒருவன் தாடி வைத்தால் காதலில் தோற்றுவிட்டான் என்று அர்த்தம். இப்போது தாடி இல்லாதவன்தான் தோற்றவன். எப்போது மாற்றினார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தாடி எண்ணெய் வாங்கினேன். வேலைக்குப் போகும்போதே தடவிக்கொண்டு போக வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். அந்த வீடியோவை எடுத்தவர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர் இல்லை. நாள் முழுக்க லாரி கிளப்பிய தூசி அந்த எண்ணெயில் ஒட்டியது. சாயங்காலம் குழாயில் முகத்தைக் கழுவினேன். தண்ணீர் பட்டால் சிமெண்ட் என்ன ஆகும் என்று அங்கே சம்பளம் வாங்குகிற எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். கன்னம் இறுகிக்கொண்டது. சிரிக்க முடியவில்லை. சீட்டு வாங்க வந்த டிரைவர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "பூச்சு வேலை முடிஞ்சிருச்சு போலருக்கு. பெயிண்ட் எப்ப சார் அடிக்கிறீங்க?" என்றார்.

அடுத்தது சின்ன வெங்காயச் சாறு. இதற்கு எனக்குச் செலவே இல்லை. என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது பெரம்பலூர் பக்கம். அவர்கள் காட்டில் வருஷா வருஷம் சின்ன வெங்காயம்தான். அறுவடை முடிந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை வந்துவிடும். நான் கதவைச் சாத்திக்கொண்டு சாறு எடுத்துக் கன்னத்தில் தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வெளியே கேட்டிருக்கிறது. அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தணிந்த குரலில் கேட்டாள்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணும் இல்லம்மா."

"சொல்லுடா. எந்தச் சாதியா இருந்தாலும் பரவால்ல. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இந்த அளவுக்குத் தாராளமாக அம்மா பேசி நான் கேட்டதேயில்லை. ஒரு பெண்ணும் இல்லாமல் இப்படி ஒரு அனுமதி வீணாகப் போகிறதே என்று வருத்தமாக இருந்தது. மூட்டை பாதியாகக் குறைந்ததைப் பார்த்த அன்றுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அனுமதியையும் அன்றே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இதெல்லாம் எனக்கும் என் கன்னத்துக்கும் உள்ள சண்டையாகவே முடிந்திருக்கும். ஆனால் நடுவில் அக்கா குழந்தை வந்தாள்.

பாப்பா பிறந்தது அரியலூரில். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து முதலில் கொடுத்தது என் கையில்தான். தூக்கத் தெரியாமல் நான் மூச்சுக்கூட விடாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. சில மாதத்தில் அக்கா தன் வீட்டுக்காரர், அதாவது மாமாவின் வேலைக்காக ஓசூருக்குக் குடிபோய்விட்டாள். அதற்குப் பிறகு நானும் பாப்பாவும் வீடியோ காலில்தான். ஒரு நாள் விளையாட்டாக, முகத்தில் தாடி ஒட்டிக் காட்டுகிற ஃபில்டரைப் போட்டுப் பேசினேன். பாப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடுத்த நாள் ஃபில்டர் இல்லாமல் கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையிடம் போய்விட்டாள். அதனால் அதன் பிறகு தாடி இல்லாமல் கூப்பிடுவதேயில்லை.

பாப்பாவுக்காகத்தான் என்று நான் சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. பேசுகிறபோது திரை மூலையில் நம் முகம் சின்னதாகத் தெரியுமே, அதில் நான் தாடியோடு இருந்தேன். நன்றாகவும் இருந்தேன். பாப்பாவின் மழலையை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, நான் பார்த்ததெல்லாம் என்னைத்தான். அக்கா ஒரு நாள், "டேய், புள்ளையப் பாத்துப் பேசுடா. உன் கண்ணு எங்கயோ மூலைக்குப் போவுது" என்றாள்.

பாப்பா தத்தக்கா பித்தக்கா என்று நடக்க ஆரம்பித்ததும், மாமா வீட்டுக் குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் என்று நாள் குறித்தார்கள். பெரம்பலூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெங்காயக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் கோயில். பாப்பாவுக்குக் கூடப்பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான். மொட்டையும் என் மடியில், காதுகுத்தும் என் மடியில். வாழ்க்கையில் யாரோடும் போட்டி போடாமல் எனக்குக் கிடைத்த ஒரே பதவி. பட்டு வேட்டி எடுத்தேன். பாப்பாவின் எடைக்குச் சிமெண்டை எடைபோட்டு மடியில் வைத்துப் பழகிக்கொள்ளச் சொல்லி ஆலையில் கிண்டல் செய்தார்கள்.

என் கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா. ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும், நல்ல படமாக அனுப்பு என்றார்கள். என்னிடம் இருந்த நல்ல படம் எது என்று உங்களுக்குத் தெரியும். வீடியோ காலில் எடுத்த தாடிப் படத்தை அனுப்பினேன். கடைக்காரர் தன் பங்குக்கு என்னை நாலைந்து படி வெளுப்பாக்கி, கூலிங் கிளாஸ் மாட்டி, ஒரு பக்கம் சிங்கமும் இன்னொரு பக்கம் குதிரையும் நிறுத்திவிட்டார். 'மருமகளை மடியேந்த வரும் மாமன் சிங்கமே வருக' என்று எழுத்து. கீழே கூட்டாளிகளின் தலைகள் வரிசையாக இருந்தன. காது குத்திக்கொள்ளப் போகிற பாப்பாவின் படத்தை ஒரு ஓரத்தில், குதிரையின் குளம்புக்குப் பக்கத்தில், தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சீர்த்தட்டுகளோடு எங்கள் வேன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஃபிளெக்ஸ் வாசலிலேயே நின்றது. அக்காவின் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் இடுப்பில் பாப்பா. ஃபிளெக்ஸைக் கைகாட்டி, "மாமா, மாமா" என்று துள்ளிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். பாப்பா என்னைப் பார்த்தாள். ஃபிளெக்ஸைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு கோயில் மணியையும் மீறிக் கத்தினாள்.

"புள்ளைக்கு ஆள் தெரியல தம்பி. செத்த நேரத்துல பழகிடும்" என்றார் அத்தை.

பழகவில்லை. பிஸ்கட் காட்டினேன், பலூன் காட்டினேன், நாய் மாதிரி குரைத்தும் காட்டினேன். நான் ஒரு அடி எடுத்து வைத்தால் அழுகை, பின்னால் போனால் அமைதி. இந்த நேரத்தில் மாமா வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டார். ஃபிளெக்ஸைக் காட்டி, "போட்டோல இருக்கிறவரு இன்னும் வரலீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"வந்துட்டு இருக்காருங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

அப்போது பைக்கில் வந்து இறங்கினான் என் பெரியப்பா மகன். என்னைவிட மூத்தவன், அதனால் எனக்கு அண்ணன். பெரம்பலூரில் ஒரு ஜிம்மில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு வருகிற புஜம், தலையில் தொப்பி, முகத்தில் தாடி. நிஜத் தாடி. கன்னத்திலிருந்து கழுத்துவரை கோடு போட்டுச் செதுக்கிய தாடி. பாப்பா அவனைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள். "மாமா" என்று இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். அவனும் தூக்கி வைத்துக்கொண்டு, தாடியைப் பிடித்து இழுக்கக் கொடுத்தான்.

மாமாவின் சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போயிட்டு இருக்குப்பா. இவரும் மாமன் முறைதானே? புள்ளை இவருகிட்டதான் ஒட்டுது. இவரு மடியிலயே உக்கார வச்சிரலாம்."

"கூடப்பொறந்தவன் இருக்கும்போது இன்னொருத்தன் மடியா?" என்றாள் அம்மா. குரல் கொடுத்தவள், பாப்பா அங்கே சிரிப்பதைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று நான் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் எதுவும் இல்லாமலே வந்தது. மொட்டைக்குப் போட்டிருந்த பலகையைப் பார்த்தபடி, "சரி, அண்ணனே உக்காரட்டும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் பாப்பா அண்ணனின் தொப்பியைப் பிடுங்கிவிட்டாள்.

தொப்பிக்குக் கீழே நடுத்தலையில் முடி இல்லை. இல்லாத இடத்தில் கறுப்பாக ஏதோ பொடி தூவியிருந்தான். வெயிலில் வேர்த்து அது நெற்றியில் வழிந்தது. பாப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு கையாலும் அவன் தலையைத் தடவினாள். அந்தக் கையால் அவன் மூக்கைத் தடவினாள், தன் கவுனைத் தடவினாள், கடைசியாகச் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையையும் தடவினாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு எல்லோரும் பட்ட பாடு பெரும்பாடு. அண்ணன் பாப்பாவை அக்காவிடம் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

நான் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவன் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை.

"ரீல்ஸ்ல பாத்து வாங்குனதுடா. வேர்வைக்குக் கரையாதுன்னு சொன்னான்" என்றான்.

"நானும் அதுல பாத்துத்தான் எண்ணெய் வாங்குனேன்."

அண்ணன் என் கன்னத்தைப் பார்த்தான். நான் அவன் தலையைப் பார்த்தேன். "உனக்கு மேல இருக்கு, கீழ இல்ல. எனக்குக் கீழ இருக்கு, மேல இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒருத்தன் தேறுவான்" என்றான். அவனே முதலில் சிரித்தான். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குள் அக்காவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "டேய், அந்தத் தாடி வச்ச போன எடுத்துட்டு வாடா."

அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துபோனது. தெரிந்தால் தெரியட்டும் என்று நான் போய்ப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அழுகிற பாப்பாவை அக்கா என் மடியில் வைத்தாள். அண்ணன் எதிரே குந்தி உட்கார்ந்து, ஃபில்டர் போட்ட போனை எங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். பாப்பா திரையைப் பார்த்தாள். அங்கே தாடி மாமா இருந்தார். அழுகை நின்றது. மாமாவின் மடியில் இன்னொரு குட்டித் தாடிக்காரரும் இருந்தார், அந்த ஃபில்டர் ஆள் பார்த்துத் தாடி ஒட்டுவதில்லை. பாப்பா தன் மோவாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். முடி எடுப்பவர் தண்ணீர் தடவக் குனிந்தார். அவருக்கு ஏற்கெனவே இருந்த தாடிக்கு மேல் இன்னொரு தாடி வந்தது.

"போன ஆட்டாம புடிங்க தம்பி. புள்ளை தலையும் சேந்து ஆடுது" என்றார் அவர்.

முடி என் வேட்டியில் விழுந்துகொண்டேயிருந்தது. தலை முழுக்க மொட்டையானதும் போனுக்கே குழப்பம் வந்துவிட்டது. பாப்பா குனிந்தபோது அவள் உச்சந்தலையை முகம் என்று நினைத்து, அங்கே ஒரு தாடியை ஒட்டியது. சித்தப்பா உட்பட எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

சிரிப்புச் சத்தத்தில் பாப்பா போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே மாமா இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். விரலை நீட்டி என் தாடையில் இருந்த அந்தச் சில முடிகளில் ஒன்றைக் கண்டுபிடித்து இழுத்தாள். உயிர் போகிற மாதிரி வலித்தது. வாயைத் திறக்காமல் இருந்தேன். அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஆசாரி வந்தார். முதல் காதில் குத்தினார். பாப்பா வீறிட்டாள். அண்ணன் பதறிப்போய்ப் போனை எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினான். அதில் தாடி மாமா பளபளவென்று இருந்தார். பாப்பா போனைக் கையால் தள்ளிவிட்டாள். திரும்பி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மொட்டைத் தலை என் வழவழத்த கன்னத்தில் அழுந்தியிருந்தது. அந்த ஈரம், அந்தச் சூடு எல்லாம் என் கன்னத்தில் அப்படியே தெரிந்தது. இரண்டாவது காதை அப்படியேதான் குத்தினார்கள். நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். ஆசாரி என்னைத்தான் முதலில் சமாதானப்படுத்தினார்.

அண்ணன் அன்று கோயிலிலேயே பலகையில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டான். கோயிலில் இது ஒரு வசதி. வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். அவன் ஜிம்முக்கு வருகிற பையன்கள் சிலர் அதைப் புது ஸ்டைல் என்று நினைத்து, தாங்களும் அடித்துக்கொண்டதாகக் கேள்வி.

ஃபிளெக்ஸை நான் மறந்துவிட்டேன். எங்கள் பக்கம் யாரும் ஃபிளெக்ஸைத் தூக்கிப் போடுவதில்லை. நல்ல கெட்டியாக இருக்கும், மழை இறங்காது. அத்தை அதைக் காட்டுக்கு எடுத்துப்போய், வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிற பட்டறைக்கு மேலே மூடிவிட்டார். கூலிங் கிளாஸும் தாடியுமாக நான் வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். மேலே பறந்துவிடாமல் இருக்க என் நெற்றியில் ஒரு கல்.

அக்காவும் பாப்பாவும் ஓசூர் திரும்புவதற்கு முன் சில நாள் அத்தை வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு மத்தியானம் எடைமேடையில் இருந்தபோது அக்காவின் வீடியோ கால் வந்தது. எடுத்தால் காடு, காற்று, பாப்பாவின் அழுகை.

"பட்டறை மேல இருக்கிற உன் மூஞ்சியப் பாத்துப் பயந்துட்டாடா. யாரோ பூச்சாண்டின்னு நெனச்சிட்டா போல. அழுகைய நிறுத்தவே மாட்டேங்கிறா. செத்த உன் மூஞ்சியக் காட்டு."

பழக்கத்தில் என் விரல் ஃபில்டருக்குப் போனது.

"அது வேணாம்டா" என்றாள் அக்கா. "உன் மூஞ்சியக் காட்டு."

முகமெல்லாம் சிமெண்ட் தூசியாக இருந்தது. சீட்டுக்காக ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. செத்த இருங்க என்று டிரைவருக்குக் கைகாட்டிவிட்டு, துண்டை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, போனை நேராகப் பிடித்தேன்.

"மாமா" என்றாள் பாப்பா.